ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்: ஒகேனக்கல்லா, கே.ஆர்.பி. அணையா, வத்தல்மலையா, தீர்த்தமலையா?

பெங்களூரில் இருக்கும் அக்கா வியாழக்கிழமை ராத்திரி போன் செய்தால், அது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய போன். இந்த வாரமும் வந்தது. "டேய், பசங்க எங்கயாவது வெளிய போகணும்னு குதிக்கிறாங்க. மாமாவுக்கும் லீவுதான். எங்க போலாம்னு நீயே சொல்லு." நீயே சொல்லு என்பதில்தான் வில்லங்கமே இருக்கிறது. போன இடம் நன்றாக அமைந்தால் "என்ன ஊர்டா இது" என்பார்கள். சொதப்பினால் "இவன் பேச்சைக் கேட்டு வந்தோம் பாரு" என்பார்கள்.

மொத்தம் எட்டுப் பேர். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் தகராறு. நான், மனைவி, ஆறு வயது மகள். அக்கா, மாமா, பத்தாவதும் எட்டாவதும் படிக்கும் இரண்டு பையன்கள். நாங்கள் தருமபுரி டவுனில் இருக்கிறோம். அவர்கள் காலையில் பெங்களூரிலிருந்து காரில் கிளம்பி, ராத்திரிக்குள் திரும்பியாக வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம்.

முன்பெல்லாம் தூரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். எது கிட்டே, எது எட்டே. பல தடவை அடிபட்ட பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டேன். இப்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மதியம் ஒரு மணிக்கு இந்த எட்டுப் பேரும் எங்கே உட்கார்ந்திருப்போம், தட்டில் என்ன இருக்கும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வழி போவது என்பதெல்லாம் தானாக வந்துவிடும். பசியோடு இருக்கும் எட்டுப் பேருக்கு எந்த அருவியும் அழகாகத் தெரியாது. மாமாவுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

ஒகேனக்கல்லில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பையன்கள் கேட்டதும் அதைத்தான். தருமபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் காடும் இறக்கமும், சாலையோரம் குரங்குகள். பெங்களூரிலிருந்து நேராக வருபவர்களுக்கு ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று ஒரு காட்டு வழியும் உண்டு. மாமாவுக்கு அந்த வழிமேல் தனி ஆசை. ஆனால் யானை நடமாடும் காடு. இருட்டுவதற்குள் அதைத் தாண்டிவிட வேண்டும் என்பதால் திரும்பும்போது அவசரம் தொற்றிக்கொள்ளும். அந்த அவசரம் மதியச் சாப்பாட்டிலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

ஒகேனக்கல்லுக்கு நிகரான இடம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இல்லை, அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். பேரே கன்னடத்தில் புகையும் கல் என்பதுதான். தண்ணீர் பாறையில் மோதிக் கிளம்பும் சாரலைப் பார்த்தால் அந்தப் பேர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும். பரிசலில் ஏறி, இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நிற்க, பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் நடுவில் ஒரு சுற்று சுற்றிவிடுவாரே, அந்த இடத்தில் என் மகள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மூங்கில் பிளாச்சால் கூடை மாதிரி பின்னியதுதான் பரிசல். முன்பு அடியில் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். நாலைந்து பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறக் கூடாது. "பக்கத்துலதான சார்" என்று யாராவது ஜாக்கெட் இல்லாமல் கூப்பிட்டால் அந்தப் பரிசலை விட்டுவிடுங்கள்.

அப்புறம் எண்ணெய் மசாஜ். ஆற்றங்கரைப் பாறையில் ஆளைக் குந்த வைத்து, தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெயை ஊற்றித் தட்டியெடுப்பார்கள். மாமா போன தடவை அரை மணி நேரம் அடி வாங்கிவிட்டு, அருவியில் நின்று எழுந்து வந்தபோது பத்து வயது குறைந்த ஆளாகத் தெரிந்தார். கார் ஓட்டும்போது தூங்கி வழிந்தார் என்பது வேறு கதை. ஸ்டீயரிங்கை அக்கா வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒகேனக்கல் தனிதான். அங்கே மீனை நீங்கள் வாங்கி, சமைத்துக் கொடுக்கும் பெண்களில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம். கிலோவுக்கு இவ்வளவு என்று சமையல் கூலி. எங்களுக்கு ஒரு அம்மா சமைத்தார். கட்லாவை அவரே ஆய்ந்து, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து அலசி, தலையையும் வாலையும் குழம்புக்கு, நடுத்துண்டை வறுவலுக்கு என்று பிரித்து வைத்தார். மூன்று கல் கூட்டிய அடுப்பு. புளி கரைத்த கையாலேயே ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டார். குழம்பு கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்த பிறகுதான் துண்டுகளை ஒவ்வொன்றாக விட்டார். அதன் பிறகு கரண்டியே போடவில்லை, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு குலுக்கு, அவ்வளவுதான். அந்தக் குழம்பை அம்மா இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். வெளிச் சமையலை அம்மா பாராட்டுவது அமாவாசையில் நிலா பார்ப்பது மாதிரி.

ஆனால் இதற்கு நேரம் பிடிக்கும். பத்து மணிக்கே மீனை வாங்கிக் கொடுத்து, காரத்தைக் குறைக்கச் சொல்லி, வறுவலுக்குக் கலர் பொடி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, அப்புறம் குளிக்கவோ பரிசலுக்கோ போனால் ஒரு மணிக்குச் சாப்பாடு தயார். குளித்து முடித்துப் பசியோடு வந்து மீன் தேடினால் மூன்றரை மணிதான். எடையை நம் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். ஒரு தடவை நான் பேச்சு சுவாரசியத்தில் இரண்டு கிலோவுக்குக் காசு கொடுத்துவிட்டேன். சட்டியில் வந்து விழுந்தது ஒன்றரைக்கு மேல் இருக்காது.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒகேனக்கல் வேண்டாம் என்கிறேன். இது ஆனிக் கடைசி. கர்நாடகத்தில் மழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்ப ஆரம்பித்தால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அது பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து நேரே ஒகேனக்கல்லுக்குத்தான் வரும். தண்ணீர் ஏறினால் குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. 2024 ஜூலைக் கடைசியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வந்தபோது அருவியே தெரியவில்லை, ஒரே செம்மண் நிறத் தண்ணீர்க்காடு. பார்க்க பிரமிப்புதான். ஆனால் எட்டாவது படிக்கும் பையனை நூறு கிலோமீட்டருக்கு மேல் கூட்டி வந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்தி "பாரு, எவ்ளோ தண்ணி" என்று சொன்னால் அவன் எத்தனை நிமிடம் பார்ப்பான்? வெள்ளிக்கிழமை நீர்வரத்து ஒன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வேறாக இருக்கும். கிளம்பும் அன்று காலைச் செய்தியைப் பார்க்காமல் இந்த மாதங்களில் போகவே கூடாது. ஆடிப் பதினெட்டு சமயம் இன்னும் மோசம். ஊரே அங்கேதான் இருக்கும், பென்னாகரத்திலிருந்தே வண்டி ஊரும். வெயிலில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் சித்திரையும் எனக்குப் பிடிக்காது. ஐப்பசி முடிந்து, வெள்ளம் வடிந்து, தை வரைக்கும் தெளிவாக ஓடும் நாட்கள்தான் ஒகேனக்கல்லுக்கு. அதிலும் ஞாயிறு தவிர்த்து ஒரு வேலை நாள் கிடைத்தால் யோகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆளில்லாத இடமாகத் தேடிப்போய்க் குளிக்கிறவர்கள் உண்டு. அந்த ஆற்றில் முதலை இருக்கிறது, பாறை வழுக்கும், சுழல் மேலே தெரியாது. குளிக்க அனுமதித்த இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றால் போதும்.

கே.ஆர்.பி. அணைக்கு, அதாவது கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணைக்கு வருவோம். கிருஷ்ணகிரிக்குக் கிட்டே, தென்பெண்ணையின் குறுக்கே, 1957-இல் காமராஜர் ஆட்சியில் வந்த அணை. முழு நீர்மட்டம் 52 அடி. எங்களுக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாக நாற்கரச் சாலை. அக்காவுக்கோ பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி தொண்ணூறு கிலோமீட்டர், அதற்கப்புறம் ஒரு பத்து. அதாவது அவர்கள் தருமபுரி வரை வந்து எங்களை ஏற்றிக்கொண்டு வேறெங்கோ போக வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கிளம்பி அணைப் பூங்காவிலேயே சந்தித்துக்கொள்ளலாம். ஒரு நாள் பயணத்தில் இரண்டு மணி நேரம் மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை. (ரயிலில் வரலாமே என்று மாமா ஒரு தடவை யோசனை சொன்னார். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர் என்றாலும் ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. அந்தப் பேச்சை எடுத்தால் கிருஷ்ணகிரிக்காரர்கள் கோபப்படுவார்கள், நியாயமான கோபம்.)

அம்மாவுக்கு இங்கே படி ஏற வேண்டியதில்லை. மர நிழலில் ஒரு பாயை விரித்து உட்கார வைத்துவிட்டால் அவர் பாட்டுக்குப் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் மகள் ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டாள். மதியம் ஒரு மணிக் கேள்விக்கு இங்கே பதில் சுலபம்: அணைக்குப் போகும் சாலையோரம் வறுவல் கடைகள். மசாலா தடவிய ஜிலேபி மீனும் ரோகுவும் தட்டில் அடுக்கியிருக்கும், கை காட்டியதை எண்ணெயில் போட்டுக் கொடுப்பார்கள். ஒகேனக்கல் குழம்பின் ஆழம் இதில் வராது. ஆனால் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். முள் அதிகம் இருக்கும் மீனைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், ஜிலேபியில் நடுமுள்ளை உருவிவிட்டால் வேலை முடிந்தது. சோற்றுக்கு வீட்டிலிருந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போய்விடுவோம். வறுத்த மீனும் புளிச்சோறும் சேருமா என்று கேட்பவர்கள் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று பொருள்.

குறை இல்லாமல் இல்லை. இங்கே குளிக்க முடியாது, நான் இறங்கவும் விடமாட்டேன். தென்பெண்ணை பெங்களூர்ப் பக்கத்துக் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு வரும் ஆறு. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது மலை மாதிரி நுரை பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். "உங்க ஊர் சோப்புத் தண்ணிதான் அக்கா" என்று நான் சொல்வதும், "நாங்க துவைக்கிறது ஒரு வாளிதான்டா" என்று அவள் சொல்வதும் ஒவ்வொரு தடவையும் நடக்கும். பத்தாவது படிக்கும் பெரியவனுக்கு அணை அரை மணி நேரத்தில் சலித்துவிடும் என்பதும் உண்மை. அவனுக்கு ஏதாவது ஏற வேண்டும், குதிக்க வேண்டும்.

அவனுக்காகத்தான் வத்தல்மலையை யோசித்தேன். தருமபுரியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான் இருக்கும், நான்கிலும் கிட்டே இருப்பது இதுதான். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவு ஏறினால், மேலே வேறு காற்று. சில்வர் ஓக் மரங்கள், அதில் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. நடுநடுவே சாமையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகள். பெரியூரில் ஒரு திண்ணையில் குடித்த கடுங்காப்பி போல நான் வேறெங்கும் குடித்ததில்லை. ஏற்காடு மாதிரி கடைவீதியும் படகும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. இங்கே பார்க்க வேண்டிய இடம் என்று பலகை வைத்த இடங்கள் குறைவு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காலாற நடப்பதுதான் நிகழ்ச்சி நிரலே. எனக்கும் என் மனைவிக்கும் அது போதும், நாங்கள் இருவர் மட்டும் பைக்கில் போனால் வத்தல்மலைதான்.

எட்டுப் பேரோடு என்றால் அதே கேள்வி வந்து நிற்கிறது. மதியம் ஒரு மணிக்குத் தட்டில் என்ன? மேலே எட்டுப் பேருக்குத் திடீரென்று சோறு கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. எல்லாம் இங்கிருந்தே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அம்மா விடியற்காலை எழுந்து அடுப்படியில் நிற்பார், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். வளைவுகளில் சின்னவனுக்கு வாந்தி வேறு. போன தடவை ஒன்பதாவது வளைவில் ஆரம்பித்து மேலே போகும் வரை நின்று நின்று போனோம். மலைக்குப் போவதென்றால் காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம். அக்கா வழியில் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்திருந்தாள்.

தீர்த்தமலை அம்மாவின் விருப்பம். அரூர் தாண்டிப் போக வேண்டும், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பாறை இடுக்கிலிருந்து கொட்டும் ராம தீர்த்தம். அந்தத் தண்ணீர் தலையில் விழும்போது கிடைக்கும் குளிர்ச்சி நிஜமானது. ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஏற்றம் ஆகாது, அது அவருக்கே தெரியும். "நான் அடிவாரக் கோயிலிலேயே உக்காந்துக்கிறேன், நீங்க ஏறிட்டு வாங்க" என்பார். ஆசைப்பட்டவரைக் கீழே விட்டுவிட்டு நாங்கள் மேலே ஏறுவதா? அதற்குக் கார்த்திகை மார்கழியில், வெயில் தாழ்ந்த நாளாகப் பார்த்து, அவரை மட்டும் தனியாக அழைத்துக்கொண்டு போய் அடிவாரத்திலேயே ஆற அமர உட்கார்ந்துவிட்டு வரலாம். அது ஊர்சுற்றல் இல்லை, வேறு கணக்கு.

ஆக, கே.ஆர்.பி. அணை. வெள்ளிக்கிழமை இரவு அக்காவுக்குச் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே பின்னால் இருந்து பெரியவனின் குரல்: "அங்க என்ன இருக்கு?" அதற்கும் வழி யோசித்து வைத்திருந்தேன். இது மாம்பழக் காலத்தின் வால் பகுதி. செந்தூராவும் அல்போன்சாவும் முடிந்திருக்கும். பெங்களூராவும் நீலமும் இன்னும் வந்துகொண்டிருக்கும். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போவது பெரும்பாலும் இந்தப் பெங்களூராதான், கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்தது. பழமாகத் தின்பதைவிட, பழுக்கத் தொடங்கும் பதத்தில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்ன அதை விட்டால் வேறு ஆள் இல்லை. காலை எட்டு மணிக்கு முன்பே பையன்கள் இரண்டு பேரையும் மாமாவோடு கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் ஏறச் சொல்லிவிட்டேன். வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிட்டால் பெரியவனின் காலும் வாயும் கொஞ்சம் ஓயும். அக்கா அதற்குள் சாலையோரக் கடையில் பழம் பேரம் பேசி முடித்திருப்பாள். பேரத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

நாங்கள் இங்கிருந்து ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும். காலையில் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். ஒரு உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டால் ஒரு மணி வரைக்கும் வயிறு சத்தம் போடாது, வழியில் கண்டதையும் தின்னத் தோன்றாது. களியைக் கட்டிக்கொண்டு போக முடியாது, ஆறினால் அது வேறு பண்டம். அதனால் அது வீட்டோடு சரி. புளிச்சோற்றுக்கு அம்மா சனிக்கிழமை இரவே புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிடுகிறேன் என்றார். தயிர்ச்சோற்றில் பால் கலந்து எடுத்தால் மதியம் புளிக்காது, என் மனைவியின் கை அதில் தேறியது. இரண்டு பெரிய கேன் தண்ணீர், பாய், வாழை இலை, மகளுக்கு மாற்றுத் துணி. அணைத் தண்ணீரில் இறங்கவே மாட்டாள் என்றாலும் எங்காவது நனைந்துவிடுவாள்.

காவேரிப்பட்டணத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி நிப்பட்டு (தட்டை) வாங்க வேண்டும். இரண்டு பொட்டலம். ஒன்று அக்கா பெங்களூருக்கு எடுத்துப்போக, இன்னொன்று அணைக்குப் போய்ச் சேர்வதற்குள் காரிலேயே காலியாகிவிடும்.